வில்லின் முதுகும் ஒட்டுப்பட்டையும்



வில் என்றதும் நமது உள்ளம் இராமனிடமும் அருச்சுனனிடமும் செல்கின்றது. வளைத்தவரைப் போற்றும் நாம், செய்த தச்சனை நினைப்பது குறைவு. இன்று அத்தச்சனின் வேலையில் ஒரு சிறு பகுதியை, வில்லின் முதுகிற் பட்டை ஒட்டும் முறையை, எடுத்துக்கொள்வோம்.

நாணை இழுக்கும்போது எய்பவனை நோக்கிய பக்கம் நெரிபடுகின்றது, அது வயிறு. மறுபக்கம் இழுபடுகின்றது, அது முதுகு. வயிறு நெரிந்தால் வில் சோர்ந்து போகும். முதுகு பிளந்தாலோ கணப்பொழுதில் ஒடிந்து, சிராய்கள் முகத்தில் அடிக்கும். அறுத்த பலகையிற் செய்த வில்லில் நார்கள் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். பிளவு அங்கேதான் தொடங்கும். ஆதலால் நார் அறாத மெல்லிய பட்டை ஒன்றை முதுகில் ஒட்டுகின்றனர்.

பனை, மூங்கில், மரம், கொம்பு என வில்லுக்குரிய பொருள்கள் நான்கினை அருத்தசாத்திரம் கூறுகின்றது. திருமாலின் வில்லாகிய சார்ங்கத்துக்குக் கொம்பினாற் செய்தது என்பதே சொற்பொருள். யப்பானியர் மரத்தின் இருபுறமும் மூங்கில் ஒட்டி வில் செய்கின்றனர். பனையிலும் மூங்கிலிலும் வலிய நார்கள் வெளிப்புறத்தே நெருங்கி நிற்கின்றன. நமது கரவெட்டியிற் கூரைக்குப் பனை அறுப்போர் வயிரத்தைக் கொண்டு சோற்றியைக் கழிப்பதும் இதனாலன்றோ!

மூங்கிற் பட்டையாயின் அதன் வெளிப்புற நார்களை அறுக்கலாகாது. உட்புறத்தையும் மரத்தின் முகத்தையும் சீவுளியால் மட்டமாக்கி, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒளி தெரியலாகாது. தூசும் எண்ணெயும் போகத் துடைத்து, இரு முகங்களிலும் பசை பூச வேண்டும். முன்னாளில் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தை வெந்நீரின்மேல் வைத்து இளக்கிப் பூசினர். ஈரம் பட்டால் அது நெகிழும். இக்காலத்து எபொக்சிப் பசை ஈரத்தைத் தாங்கும்.

பின்னர் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி, நுனிமுதல் நுனிவரை சுற்றிக் கட்டலாம். மிக நெரித்தால் பசை வெளியே வழிந்துவிடும். தளர விட்டால் இடைவெளி விழும். கட்டியபின் ஒரு நாளாவது அதனைத் தொடலாகாது. காய்ந்தபின்னும் உடனே முழுவதும் இழுக்காமல், சிறிது சிறிதாக வளைத்து, விறைத்த இடத்தில் வயிற்றுப் பக்கத்தை மாத்திரம் சீவ வேண்டும்.

இளைஞர்களே, நாடகத்துக்கென்றும் விளையாட்டுக்கென்றும் வில் செய்யும்போது அந்த ஒரு நாளைப் பொறுத்திருங்கள். அவசரத்தில் ஒட்டிய பட்டை, நாணை முழுவதும் இழுக்கும் வேளையிலேயே கழரும்; அப்போது வில்லுக்கு மிக அருகில் இருப்பது உங்கள் கண். பெரியோர்களே, பிள்ளைகளின் கையிலிருந்து வில்லைப் பறிப்பதிலும், அருகிருந்து சீவவும் ஒட்டவும் காட்டிக்கொடுப்பது நன்று. பொருத்தம் சரியானால் மரமும் பட்டையும் ஒன்றாய் வளையும், ஒன்றாய் நிமிரும்.