காலணியும் ஊசியும்



1978-ல் ஜலந்தரில் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடினார். பல பந்தயங்களை வெறுங்காலோடு ஓடிய மனிதர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த இந்தியராலும் அந்த நேரத்தை முறியடிக்க முடியவில்லை. உலகமோ வெகுதூரம் போய்விட்டது. 2019-ல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே அதே தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடி முடித்தார். காலில் கார்பன் தகடு வைத்த காலணி.

அந்தக் காலணி என்ன செய்கிறது? பம்ப்செட் செய்கிற நம் கோவைக்கு எளிதாகப் புரியும்: அதே கரண்ட்டில் கூடுதல் தண்ணீர் இறைக்கிற மோட்டார். மிதிக்கிற சக்தியின் ஒரு பகுதியைக் காலணியின் அடியிலுள்ள நுரை திருப்பிக் கொடுக்கிறது. சக்திச் செலவு சராசரியாக நான்கு சதவீதம் குறைவதை கொலராடோ பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருளாயிற்றே, அதனால் வரம்பு கட்ட முடிந்தது: சாலைப் பந்தயத்தில் அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டர், டிராக்கில் 20.

ஊக்கமருந்துக்கு இப்படி அளவுகோல் வைக்க முடியாது. ஈபிஓ என்கிற ஊசிமருந்து ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும். கூடவே ரத்தத்தைக் கெட்டியாக்கி இதயத்தையும் பதம் பார்க்கும். 2024-ல் சிகாகோ மாரத்தானில் கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் 2 மணி 9 நிமிடம் 56 நொடியில் பெண்கள் உலக சாதனை படைத்தார். மறு ஆண்டே தடை செய்யப்பட்ட வேறொரு மருந்துக்காக மூன்று ஆண்டுத் தடை. அந்த ஓட்டத்தில் காலணியின் பங்கு எது, மற்றதன் பங்கு எது? பிரித்துச் சொல்ல ஆளில்லை. வேகத்துக்கெல்லாம் காலணியையே காரணம் காட்டினால், ஊசி போட்டவர் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்வார்.

நம் திருச்சிப் பக்கத்து முடிகண்டம் கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரல், தோஹா, ஆசியத் தடகளம். 800 மீட்டரில் 2 நிமிடம் 2.70 நொடி, தங்கம். கிழிந்த ஷூவோடு ஓடினாராமே என்று தமிழ்நாடே மனம் நொந்தது. அடுத்த மாதமே அவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய செய்தி வந்தது; மருந்து நான்ட்ரோலோன். பதக்கம் போயிற்று, நான்கு ஆண்டுத் தடை. தடை செய்யப்பட்ட எதையும் எடுத்ததில்லை என்றார் அவர். ஷூவுக்காகக் கண்ணீர் விட்ட நாம், அந்த மருந்து யார் கை வழியாக உடம்புக்குள் போயிற்று என்று கேட்டோமா? வயலில் வேலை செய்த குடும்பத்துப் பெண்ணுக்கு அது எங்கே கிடைக்குமென்று எப்படித் தெரியும்? தண்டனை ஓடினவளோடு நின்றுவிட்டது. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

கோவையில் பரிசுப் பணம் வைத்துப் பந்தயம் நடத்துகிற பெரியவர்களே, ஜெயித்தவரின் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ஒரு தொகை ஒதுக்குங்க. பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு நோட்டு வையுங்க. எந்தப் பவுடர், எந்த மாத்திரை, கொடுத்தவர் யார் என்று பயிற்சியாளர் அதில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பெற்றோர் எந்த நேரம் கேட்டாலும் அந்த நோட்டைக் காட்ட வேணுமுங்க.