முதுகு வலி: ஸ்கேனுக்கு முன்னாடி சில கேள்விகள்

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். இருபதுகளில், முப்பதுகளில் இருக்கிற நிறைய பேர் என்கிட்ட வரும்போதே கையில எம்.ஆர்.ஐ. கவர் இருக்கும். "டிஸ்க் பல்ஜ்னு போட்டிருக்கு, இனிமே குனியவே கூடாதா?"ன்னு கேப்பாங்க. அந்தக் கவரை நான் உடனே பிரிக்கறதில்ல. ஏன்னு சொல்றேன்.

நம்ம வீடுகள்ல "குறுக்குப் பிடிச்சுக்கிச்சு", "வாயுப் பிடிப்பு"ன்னு சொல்ற வலி, கீழ் முதுகுல இருக்கிற ஐந்து எலும்புகளைச் சுத்தி வர்ற வலி. டிஸ்க், சின்னச் சின்ன மூட்டுகள், தசை, தசைநார் எல்லாம் அங்க நெருக்கமா இருக்கு. பத்துல ஏறக்குறைய ஒன்பது பேருக்கு, "இந்த இடத்துலதான் கோளாறு"ன்னு உறுதியா விரல் வைக்க முடியாது. அதனால அது பொய் வலி இல்லை. தூக்கக் குறைவு, மன அழுத்தம், 'அசைஞ்சா உடைஞ்சிடும்'ங்கிற பயம், இதெல்லாம்கூட வலியைக் கூட்டும்.

அப்போ ஸ்கேன் என்ன சொல்லுது? முதுகு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். 80 வயதில் தேய்மானம் 96 சதவீதம். தலைமுடி நரைக்கிற மாதிரி, நிறைய மாற்றங்கள் வயசோட வர்றவை. உங்க ரிப்போர்ட்ல இருக்கிற வார்த்தைதான் உங்க வலிக்குக் காரணம்னு அதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது.

அதனால முதல்ல கேள்வி. வலி முதுகோட நிக்குதா, காலுக்கு இறங்குதா? முட்டிக்குக் கீழ மின்சாரம் அடிச்ச மாதிரி போனா, நரம்பு அழுந்துதோன்னு யோசிப்பேன். காலைல எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பு, படுத்தா அதிகமாகுது, நடமாடினா குறையுது, மூணு மாசத்துக்கு மேல இப்படியே இருக்கா? இளம் வயசுல இது அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் மாதிரி அழற்சி நோயா இருக்கலாம். ருமட்டாலஜி டாக்டரைப் பார்க்கணும். சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறையறது இருந்தா, நம்ம நாட்டுல முதுகெலும்புக் காசநோயை மறக்கக் கூடாது. முன்னாடி புற்றுநோய் வந்திருக்கா, கீழ விழுந்தீங்களா, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கிறீங்களான்னும் கேப்பேன்.

அடுத்தது பரிசோதனை. குதிகாலால நடக்கச் சொல்வேன், அப்புறம் முன்பாதத்தால. கால் பெருவிரலை என் கைக்கு எதிரா மேல தூக்கச் சொல்வேன். அது பலவீனமா இருந்தா எல்5 நரம்பு. முன்பாதத்துல எழும்ப முடியலைன்னா, கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் குறைஞ்சிருந்தா எஸ்1. மல்லாந்து படுக்க வச்சு, முட்டியை மடக்காம காலைத் தூக்குவேன். 30-லிருந்து 70 டிகிரிக்குள்ள காலுக்கு வலி பாய்ஞ்சா, நரம்பு எரிச்சலுக்கு அறிகுறி. தொடைக்குப் பின்னாடி வெறுமனே இழுத்தா, அது தசை இறுக்கம்தான்.

இப்போ ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. சைக்கிள் சீட் படுற இடம் மரத்துப்போறது, சிறுநீர் போக முடியாம அடைக்கிறது இல்ல தெரியாமலே போறது, மலம் கட்டுப்பாட்டை மீறுறது, ரெண்டு காலும் பலவீனமாகுறது. முதுகு வலியோட இதுல ஒண்ணு புதுசா வந்தாலும் காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போங்க. கீழ் நரம்புக் கொத்து நசுங்குதுன்னா, தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரமும் நிரந்தர பாதிப்புக்கு வழி விடலாம். ஸ்கேன் அவசரம்னா அது இங்கதான். ஒரு கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடினாலும் தள்ளிப் போடாதீங்க.

இது எதுவுமே இல்லையா? பெரும்பாலானவங்களுக்கு ஆறு வாரத்துக்குள்ள வலி நல்லாவே குறையும். படுத்தே கிடக்காதீங்க, தாங்குற அளவுக்கு நடங்க, வேலைக்குப் போங்க, பளு தூக்குறதைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. குனியறது தப்பில்லை.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, வலி எப்போ ஆரம்பிச்சது, எங்க போகுது, எதுல கூடுது, எதுல குறையுதுன்னு நாலு வரி எழுதிட்டுப் போங்க. ஸ்கேன் கவரைவிட அந்த நாலு வரி அவங்களுக்கு அதிகம் உதவும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.