கலைத்திருக்கக் கூடாத கட்சி

(நவம்பர் 1 அன்று மார்த்தாண்டத்தில் நடந்த எல்லைப் போராட்டத் தியாகிகள் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று காலையில் நாகர்கோவிலில் எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையில் நின்று நேசமணிக்கு மாலை போட்டார்கள். நல்லது, போடட்டும். ஆனால் மாலை போட்டவர்களை நிறுத்தி, இந்த மனிதர் எந்தக் கட்சியின் தலைவராக இருந்து இந்த மண்ணைத் தமிழகத்தோடு சேர்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் காங்கிரஸ் என்பார்கள். இல்லை ஐயா! திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்! பெயரில் காங்கிரஸ் உண்டு. ஆனால் காங்கிரஸை எதிர்த்துத் தேர்தலில் நின்று ஜெயித்த கட்சி அது. காங்கிரஸ் மந்திரிசபைக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெற்று அதைக் கவிழ்த்த கட்சி அது. எழுபது வருஷத்துக்குள் அந்தப் பெயரே நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தக் கோபத்தோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

மொழிவாரி மாநிலம் பிரித்தார்கள், டெல்லி பார்த்துக் கன்னியாகுமரியைக் கொடுத்தது என்று பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியல் தலைமையில் சிலர் கூடி ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். பி.எஸ். மணி இருந்தார், வேலாயுதப் பெருமாள் இருந்தார், ஸ்ரீவி தாஸ் இருந்தார். மறு வருஷமே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்போது திருவனந்தபுரத்தில் யார் ஆட்சி? திவான் சர் சி.பி. இராமசாமி அய்யர். 1947இல் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தவர். அந்தப் பக்கம் ஸ்டேட் காங்கிரஸ்காரர்கள் ஐக்கிய கேரளம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, எங்கள் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர் என்று கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

1947 செப்டம்பரில் நேசமணி கட்சிக்குள் வந்தார். அவர் எப்படிப்பட்ட ஆள்? 1921இல் நாகர்கோவில் நீதிமன்றத்தில் வக்கீலாகப் போய் நின்றார். வக்கீல் சங்கத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு முதுகு சாயும் நாற்காலி. மற்ற வக்கீல்களுக்குக் குத்துமுக்காலி. குடிதண்ணீர்ப் பானையும் தனித்தனி. சட்டம் படித்தவர்கள், சட்டம் பேசுகிற இடத்தில், சக வக்கீலை உட்கார வைத்த லட்சணம் அது. நேசமணி அந்த முக்காலிகளைத் தூக்கி வெளியே எறிந்தார். நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் முக்காலி கிடையாது.

இந்தக் கதையை வைத்துக்கொண்டுதான் இன்று சிலர் அவரைச் சாதித் தலைவர் ஆக்கிவிட்டார்கள். சுவரொட்டியில் சாதிப் பெயரைப் பெரிதாகப் போட்டு, அவர் படத்தைச் சின்னதாகப் போடுகிறார்கள். அதைச் செய்கிறவர்களுக்கு இந்த மேடையிலிருந்து சொல்கிறேன்: அந்தக் கட்சியில் அப்துல் ரசாக் யார்? காந்திராமன் யார்? மூணாறு மலையில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி எந்தச் சாதி? தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. இங்கே தமிழனாக வாழ்வதும் மனிதனாகத் தலைநிமிர்வதும் ஒரே சண்டையாக இருந்தது. சாதியை உடைக்க வந்தவரைச் சாதிக்குள் அடைப்பது அவருக்குச் செய்கிற துரோகம்!

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் முதல் முறையாக வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. அந்தத் தேர்தலில் நம் கட்சி 14 இடம் பிடித்தது. அதற்கு விலையும் கொடுத்தது. மங்காட்டில் தேவசகாயம், கீழ்க்குளத்தில் செல்லையா, இரண்டு பேரும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். 1952இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் 8 பேர். நாடாளுமன்றத்துக்கு நாகர்கோவிலிலிருந்து நேசமணி. காங்கிரசுக்கு அறுதிப் பெரும்பான்மை இல்லை, நம் எட்டுப் பேரின் கையை எதிர்பார்த்து ஏ.ஜே. ஜான் மந்திரிசபை நடந்தது. மந்திரி பதவியும் வந்தது. ஒட்டிக்கொண்டிருந்தால் காலம் முழுக்கக் காரில் போயிருக்கலாம். தமிழ்த் தாலுகாக்களைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டோம் என்கிற ஆட்சிக்கு எங்கள் ஆதரவு எதற்கு என்று 1953இல் விலகினார்கள். மந்திரிசபை விழுந்தது. மறு தேர்தலில் 12 இடம்! பதவியை உதறிவிட்டு மக்களிடம் போனால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு. இன்றைக்குக் கூட்டணிக்குக் கூட்டணி தாவுகிறவர்கள் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

அந்தத் தேர்தல் நடந்த 1954இல்தான் பட்டம் தாணுபிள்ளை முதல்வர் ஆனார். பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. சட்டசபையில் 19 பேரை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் தயவில் ஆட்சி. நம் கட்சியின் நேசமணியும் ரசாக்கும் சிதம்பரநாதனும் தடையை மீறித் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் இருந்த தேவிகுளம் போனார்கள், கைதானார்கள். ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாள் என்று கட்சி அறிவித்தது. கடையடைப்பு, ஊர்வலம், பொதுக்கூட்டம். இதே மார்த்தாண்டத்தில், அங்கே புதுக்கடையில், கையில் கம்பு கூட இல்லாத கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பனையேறிகள், கூலிக்காரர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள். செத்தவர் எத்தனை பேர் என்பதில் அரசாங்கம் சொன்ன எண்ணிக்கை ஒன்று, ஊர் சொல்லும் எண்ணிக்கை அதைவிடப் பெரியது. அன்றைக்குப் பிறகு வீடு வீடாகப் போலீஸ் தேடியதைச் சொல்லக்கூடிய பாட்டிமார் இந்தப் பக்கத்தில் இன்னமும் இருக்கிறார்கள்.

வடக்கே நைனி சிறையில் இருந்தார் ராம் மனோகர் லோகியா. பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கே பொதுச் செயலாளர். சுதந்திர நாட்டில் ஆயுதமில்லாத மக்களைச் சுட்ட ஆட்சி ஒரு நாளும் இருக்கக் கூடாது, ராஜினாமா செய் என்று தன் கட்சி முதல்வருக்கே சொன்னார். பட்டம் தாணுபிள்ளை கேட்கவில்லை. அந்தச் சண்டையில்தான் அந்தக் கட்சி உடைந்தது. எங்கோ உத்தரப் பிரதேசத்துச் சிறையில் கிடந்த ஒரு மனிதருக்குப் புதுக்கடை ரத்தம் சுட்டது. அதே நேரத்தில் சென்னையில் கோட்டையில் இருந்தவர்களுக்கு அது எத்தனை நாள் சுட்டது? கேட்காமல் விட மாட்டேன்.

ஏனென்றால் மிச்சக் கதை கசப்பானது. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூன்று பேரும் இருந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை தமிழகத்துக்கு. தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்கு. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மை. ஆனால் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்தவர்கள்தானே என்று தள்ளினார்கள். காட்டை வெட்டி, அட்டைக் கடியில் நின்று தேயிலை வளர்த்தவனுக்கு அந்த மண்ணில் உரிமை இல்லையாம்! செங்கோட்டையிலும் மேற்குப் பகுதியை அறுத்துக்கொண்டுதான் தந்தார்கள். நாம் கேட்ட நெய்யாற்றின்கரை வரவே இல்லை. முல்லைப் பெரியாறு அணை 1895இலிருந்து நிற்பது எங்கே? பீர்மேட்டில். மதுரைக்கும் தேனிக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் வருகிற வயிற்றெரிச்சலுக்கு வேர் அந்த அறிக்கையில் இருக்கிறது.

1956 நவம்பர் 1 வந்தது. கொண்டாடினோம். அடுத்த வருஷமே, நோக்கம் நிறைவேறிவிட்டது என்று சொல்லிக் கட்சியைக் கலைத்துக் காங்கிரசில் கரைத்தார்கள். எல்லோரும் இதைப் பெருந்தன்மை என்று புகழ்கிறார்கள். நேசமணியின் மேல் எனக்குள்ள மரியாதை யாருக்கும் குறைந்ததல்ல. ஆனாலும் சொல்கிறேன், அது தவறு. நோக்கம் எங்கே நிறைவேறியது? தேவிகுளத் தோட்டத் தொழிலாளி யாரை நம்பிச் சிறைக்குப் போனான்? அவன் அந்தப் பக்கம் நின்றுவிட்டான், அவனுக்காகப் பேச வேண்டிய கட்சி இந்தப் பக்கம் இல்லாமல் போய்விட்டது. அகில இந்தியக் கட்சிக்குக் கேரளத்திலும் ஓட்டு வேண்டும், தமிழகத்திலும் ஓட்டு வேண்டும். எல்லையில் நிற்கிறவன் குரல் அங்கே எப்படி எடுபடும்?

பலனை விளவங்கோட்டு விவசாயி அனுபவிக்கிறான். நெய்யாறு இடதுகரைக் கால்வாய் நம் வயலுக்காகத் திட்டமிட்டது. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. நெல் விளைந்த வயலில் ரப்பர் வந்தது, வீட்டுமனைக் கல் வந்தது. கால்வாய்க்குள் இறங்கிப் பாருங்கள், ஆள் உயரத்துக்குக் காடு மண்டிக் கிடக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சியும் அந்தக் கால்வாய்க் கரையில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறது. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு மந்திரிசபையை நடுங்க வைத்த மாவட்டம், இன்று ஒரு மதகைத் திறக்க வைக்க முடியாமல் நிற்கிறது!

ஆகையால் இந்தக் கூட்டம் நான்கு கோரிக்கையோடு ஒரு தீர்மானம் போடட்டும். நெய்யாறு வழக்கைத் தமிழக அரசு விரைந்து நடத்தி முடிக்க வேண்டும். அதுவரை இடதுகரைக் கால்வாயைத் தூர் வாரிப் பராமரிக்க வேண்டும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் வரலாறு, அந்தப் பெயரோடு, பள்ளிப் பாடத்தில் முழுப் பாடமாக வர வேண்டும். மூணாறு தோட்டத் தமிழரின் சாதிச் சான்றிதழ், நிலப் பட்டா, தமிழ்வழிப் பள்ளி ஆகியவை பற்றிக் கேரள அரசிடம் தமிழக அரசு ஆண்டுதோறும் பேச வேண்டும். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். உயர்த்திய கையோடு நாளைக் காலை பத்து மணிக்குத் தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேருங்கள். மனுவை நாமே நேரில் கொடுப்போம்.