காடியில் கேட்கும் பாட்டு



தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று பழைய காடி ஒன்றாவது இருக்கிறது. பட்டணத்துக்குப் போகும்போதும் கோயில் திருவிழாவுக்குப் போகும்போதும் அதில் பாட்டுக் கேட்க எல்லாருக்கும் ஆசைதான். அந்தப் பாட்டு நன்றாகக் கேட்க என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் பழைய காடி ஒன்றை வாங்கினேன். பாடகரின் குரல் கேட்டது. உறுமி மேளத்தின் அடி மட்டும் கேட்கவில்லை. கடைக்காரர் ஒருவர், பெரிய ஒலிபெருக்கிகளை வாங்கிப் பூட்டச் சொன்னார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அதற்குப் பணமும் சேர்த்துவிட்டேன். அதற்குள் எங்கள் தோட்டத்து வயர்மேன் வந்து பார்த்தார். "வாத்தியாரே, ஒலிபெருக்கி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கத்துக் கம்பிகள் இடம் மாறிக் கிடக்கின்றன" என்றார். மாற்றிக் கட்டியதும் உறுமி முழங்கியது. செலவு ஒன்றுமில்லை.

காரணம் என்ன? ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நின்றுபோன காடியை ஒருவர் முன்னாலிருந்தும் மற்றவர் பின்னாலிருந்தும் தள்ளினால் அது நகருமா?

இதை நீங்களே சோதிக்கலாம். ஒலிபெருக்கியின் கம்பிகளை வானொலியிலிருந்து கழற்றுங்கள். கைவிளக்கில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை அந்தக் கம்பிகளில் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். பேட்டரியின் கூட்டல் முனை ஒலிபெருக்கியின் கூட்டல் முனையில் பட்டால், கூம்பு வெளிப்பக்கம் அசையும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைய வேண்டும். காடியின் 12 வோல்ட் பேட்டரியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து, இடைவெளிகளைப் பாருங்கள். கூம்பின் பின்பக்க ஒலி முன்பக்கத்துக்குக் கசிந்து வந்தாலும் மேளத்தின் அடி குறையும். ஒலிபெருக்கியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய பஞ்சு நாடாவை ஒட்டி, திருகாணிகளை இறுக்குங்கள். கதவுத் தகடு அதிர்ந்து சத்தமிட்டால் அதையும் இறுக்கிக் கட்டுங்கள்.

பிறகும் புதிய ஒலிபெருக்கி தேவையென்றால், அதன் முதுகில் எழுதியிருக்கும் 'ஓம்' அளவைப் படியுங்கள். காடிகளில் பெரும்பாலும் 4 ஓம் இருக்கும். ஒரே இணைப்பில் இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்கவாட்டில் சேர்த்தால் அது 2 ஓம் ஆகிவிடும். அதைத் தாங்காத வானொலி சூடேறிக் கெட்டுப்போகும். ஃபியூஸ் எரிந்தால் அதே அளவுள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். வெள்ளித்தாளையோ தடித்த கம்பியையோ வைத்துக் கட்டினால் காடியே தீப்பற்றக்கூடும்.

நேயர்களே, ஒலி இனிமையானதும் அதைக் கூட்டத்தான் கை போகும். பின் கண்ணாடிக்குக் கீழே ஒலிபெருக்கி இருந்தால், முன்னால் இருக்கும் நமக்கு அளவாகக் கேட்கும் பாட்டு, பின்னால் இருக்கும் பிள்ளையின் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் அலறிக்கொண்டிருக்கும். கையடக்க இசைக் கருவிகளுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஓர் அளவு வகுத்தது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்தான். ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரு மடங்காகும். கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் பேரொலியால் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

வீட்டில் டெசிபல் அளக்கும் கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பின் இருக்கைப் பிள்ளையிடம் சாதாரணக் குரலில் ஒரு கேள்வி கேளுங்கள். அவன் "என்னப்பா?" என்று கத்தினால், ஒலியைக் குறையுங்கள். பின்னால் வரும் லாரியின் ஹாரனும் அப்போதுதான் உங்களுக்குக் கேட்கும்.

கம்பியைச் சரிபாருங்கள், இடைவெளியை அடையுங்கள், பணத்தைக் கடைசியில் எடுங்கள். ஒலிபெருக்கி கெட்டால் வேறு வாங்கலாம். நாளை வகுப்பில் பாடம் கேட்க வேண்டிய காதுகளை எந்தக் கடையில் வாங்குவது?