பெயர்ப் பட்டியல் யாருடைய சொத்து?

(தோட்டப்புற, தாமான் மக்களிடையே பணியாற்றும் சிறு அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்காக நடந்த பயிற்சி நாளில், வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இரவு ஷிப்டு முடித்து நேராக இங்கே வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். குறைந்த செலவில் நம் அமைப்புகளின் செய்தி மடலை மின்னஞ்சலில் அனுப்ப எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. அதற்கு முன்னால் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்காக எங்கள் குழு ஓர் ஆவண முகாம் நடத்தியது. பதிவு செய்திருந்த 140 குடும்பங்களுக்கும் நான்தான் அறிவிப்பு அனுப்பினேன். இரவு பதினொரு மணி. அவசரம். முகவரிகளை எல்லாம் பிசிசி கட்டத்தில் போடாமல், 'பெறுநர்' கட்டத்திலேயே போட்டு அனுப்பிவிட்டேன். யார் யாருக்குக் கடிதம் போயிற்று என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஒரு தாய் போன் செய்தார். "ஐயா, எங்க பிளாட்டுல இருக்கிற ஒருத்தரும் அந்த லிஸ்டுல இருக்காரு. என் பிள்ளைக்குச் சூராட் பெரானாக் இல்லன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. இப்ப மாடி முழுக்கத் தெரிஞ்சு போச்சு" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். முகாம் அன்று அவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் பாதி நிரப்பிய நிலையில் இன்றும் என் கோப்பில் இருக்கிறது.

கட்சிக்காரரின் ரகசியம் காப்பது என் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை ஒரு பொத்தானை அழுத்தும் நேரத்தில் மறந்தேன். நம்மிடம் இருக்கும் பெயர்ப் பட்டியல் நம்முடையது அல்ல. மக்கள் நம்மை நம்பிக் கொடுத்து வைத்திருக்கும் பொருள். மலிவான சேவை எது என்று கேட்பதற்கு முன்னால் இதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

வாட்சாப் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு?

இந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாளைக்குக் கோத்தோங் ரோயோங், எல்லாரும் வாருங்கள் என்று சொல்ல வாட்சாப் போதும். ஆனால் வாட்சாப் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணும் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். காலையில் போட்ட முக்கியச் செய்தி, மாலைக்குள் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்து போகும். கைத்தொலைபேசி மாறினால் பழைய செய்தி கிடைப்பது சந்தேகம்.

விண்ணப்பப் பாரம், கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, காலக்கெடு உள்ள அறிவிப்பு ஆகியவை தேதியோடு இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்க வேண்டும். "எங்களுக்குச் சொல்லவே இல்லை" என்று ஒருவர் கேட்கும்போது காட்டுவதற்குக் கடிதம் வேண்டும். இவற்றுக்கு மின்னஞ்சல்தான் நல்லது. இரண்டையும் வைத்துக் கொள்ளுங்கள். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், கடிதம் வந்திருக்கிறது என்ற தகவலை வாட்சாப்பில் சொல்லுங்கள். மின்னஞ்சலே திறக்காத பெரியவர்களுக்கு ஒரு தாளில் அச்சிட்டு ஆலயத்திலும் கடையிலும் ஒட்டுங்கள்.

சொந்த ஜிமெயிலில் இருந்தே அனுப்பக் கூடாதா என்று கேட்கலாம். ஐம்பது பேர் என்றால் அனுப்பலாம், பிசிசி கட்டத்தை மறக்காமல். ஆனால் சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. பட்டியலில் இருந்து விலக நினைப்பவர் தானே விலகிக் கொள்ளவும் அதில் வழியில்லை. என்னைப் போல ஒருவர் ஓர் இரவு தவறு செய்யும் ஆபத்தும் இருக்கிறது. செய்தி மடல் சேவையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதமாகப் போகும். அந்தத் தவறுக்கே அங்கு இடமில்லை.

விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இந்த நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கட்டணம் வாங்குகின்றன. ஒன்று, பட்டியலில் எத்தனை பேர் என்று எண்ணி வாங்குவது. மெயில்சிம்ப், மெயிலர்லைட் போன்றவை இந்த வகை. இன்னொன்று, எத்தனை கடிதம் அனுப்புகிறீர்கள் என்று எண்ணி வாங்குவது. பிரான்சு நாட்டின் பிரெவோ இந்த வகை. இதன் பழைய பெயர் செண்டின்புளூ, 2023-இல் பெயர் மாறியது.

இந்த வேறுபாடு புரிந்தால் பாதி வேலை முடிந்தது. நம் அமைப்புகளில் பெயர்கள் நிறைய இருக்கும். கடிதம் மாதம் ஒன்றோ இரண்டோதான் போகும். 400 பேருக்கு மாதம் இரண்டு கடிதம் என்றால் மொத்தம் 800 கடிதம். கடிதத்தை எண்ணும் சேவைதான் நமக்குப் பொருந்தும். வாரம் மூன்று முறை எழுதும் டியூஷன் நிலையத்திற்கு, ஆள் 80 பேர் என்றால், ஆளை எண்ணும் சேவை பொருந்தும். விலகிப் போனவர்களையும் கணக்கில் சேர்க்கும் சேவைகள் உண்டு. அதையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

எங்கள் குழு பிரெவோவின் இலவசத் திட்டத்தைப் பயன்படுத்துகிறது. நாளொன்றுக்கு 300 கடிதம்தான் போகும். எங்களுக்கு 380 பேர். ஆகவே சனிக்கிழமை பாதிப் பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை மீதிப் பேருக்கும் அனுப்புகிறோம். அடியில் அவர்கள் சின்னம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். இதுவரை திட்டத்துக்கென்று ஒரு வெள்ளியும் கொடுக்கவில்லை.

சப்ஸ்டாக் என்று ஒன்று இருக்கிறது. இலவச மடலுக்கு அவர்கள் காசு கேட்பதில்லை. வாசகரிடம் சந்தா வாங்கினால் அதில் பத்து விழுக்காடு எடுத்துக் கொள்வார்கள். ஒருவர் கட்டுரை எழுதி அனுப்ப அது சரி. ஆனால் ஒரு தாமானுக்கு மட்டும் தனியாக அனுப்பு, ஆவணம் இல்லாத குடும்பங்களுக்கு மட்டும் அனுப்பு என்று பிரித்து அனுப்பும் நம் வேலைக்கு அது தோதாக இல்லை. லிஸ்ட்மங்க் என்ற திறந்த மூல மென்பொருளும் உண்டு. அதற்குக் கட்டணமே இல்லை. ஆனால் சொந்தமாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துப் பராமரிக்க ஆள் வேண்டும். அந்தப் பையன் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விட்டால் மடலும் கூடவே போய்விடும்.

இலவசம் நிரந்தரம் அல்ல

நம்மில் மூத்தவர்களுக்கு யாஹூ குழுமங்கள் நினைவிருக்கும். 2000-களில் எத்தனை விவாதம், எத்தனை அறிக்கை அதில் ஓடியது! 2020 டிசம்பர் 15-ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். எடுத்து வைத்தவர்களிடம் மட்டும் பழைய கடிதங்கள் இருக்கின்றன. டைனிலெட்டர் என்ற எளிய இலவசச் சேவையை மெயில்சிம்ப் 2011-இல் வாங்கியது, 2024 பிப்ரவரியில் மூடியது. மெயில்சிம்ப்பையே 2021-இல் இன்டுவிட் நிறுவனம் வாங்கியது. 2000 பேர் வரை இலவசமாக இருந்த அதன் வரம்பு, 2023-க்குள் 500 ஆகக் குறைந்துவிட்டது.

இதில் யாரையும் திட்டிப் பயனில்லை. வியாபாரம் அப்படித்தான். ஆகவே சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாளைக்கு வெளியேற வேண்டுமென்றால் பெயர், முகவரி, விலகியவர் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கிக் கொள்ள முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முடியும் என்றால், மாதம் ஒருமுறை இறக்கிப் பூட்டி வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

விலை டாலரில் போட்டிருப்பார்கள். மாதம் பத்து என்று பார்த்ததும் பத்து வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். ரிங்கிட்டுக்கு மாற்றிப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்குங்கள். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு. முதலில் ஆறு விழுக்காடு, 2024 மார்ச் முதல் எட்டு. ஒரே மாதத்திற்கு அல்ல, பட்டியல் இரண்டு மடங்கானால் என்ன விலை என்றும் பாருங்கள். சங்கப் பதிவிலாகாவில் பதிந்த அமைப்பானால் பதிவுச் சான்றிதழைக் காட்டித் தள்ளுபடி கேளுங்கள். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்குக் குறைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்து, சொந்த இணைய முகவரி. ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு இந்தச் சேவைகள் வழியாக அனுப்பினால், கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போக வாய்ப்பு அதிகம். அமைப்பின் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்க ஆண்டுக்குப் பொதுவாக நூறு வெள்ளிக்குள் ஆகும். அனுப்புநர் உண்மையானவர்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற பதிவுகளை அதில் சேர்க்க வேண்டும். ஒருமுறை செய்தால் போதும். கல்லூரியில் கணினி படிக்கும் நம் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கிவிட்டன. அதிக அளவில் அனுப்புவோர் மீது வரும் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். ஆயிரம் கடிதத்திற்கு மூன்று பேர்! நம்மைப் போன்ற சிறியவர்கள் அந்த வகையில் வராவிட்டாலும், பாடம் ஒன்றுதான். ஆலயத் திருவிழா நன்கொடைப் புத்தகத்தில் கிடைத்த முகவரிகளை எல்லாம் பட்டியலில் சேர்க்காதீர்கள். கேட்டு, சம்மதம் பெற்று, சேர்த்த தேதியையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் கடிதத்தைப் பாதியில் வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒரு பைட் எடுத்தால் நம் 'க' மூன்று பைட் எடுக்கும், 'கி' ஆறு எடுக்கும். ஆகவே தமிழ் மடல் சீக்கிரமே வெட்டுப்படும். விலகும் இணைப்பு அடியில் இருப்பதால் அதுவும் மறைந்து போகும். சுருக்கமாக எழுதுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அது வணிகப் பரிவர்த்தனைகளைப் பற்றிய சட்டம். நாம் வணிகம் செய்யவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். அந்தச் சட்டம் உடல்நலம், அரசியல் கருத்து, சமய நம்பிக்கை போன்றவற்றை நுண்ணுணர்வுத் தரவு என்று தனியாகப் பிரித்துப் பாதுகாக்கிறது. உரிமைக்காகப் பேசும் அமைப்பின் பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதே அவர் கருத்தைக் காட்டிவிடும். அவர் அரசாங்க ஊழியராக இருக்கலாம். குத்தகைத் தொழிலாளியாக இருக்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் அதே அளவு கவனம் நமக்கு வேண்டும்.

அடையாள அட்டை எண், பிறப்புப் பத்திர விவரம், வழக்கு விவரம் ஆகியவற்றை மடல் சேவையில் ஏற்றவே கூடாது. பெயரும் முகவரியும் வட்டாரமும் போதும். அமெரிக்கச் சட்டப்படி மடலின் அடியில் அனுப்புநரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். செயலாளரின் வீட்டு முகவரியைப் போட்டுவிடாதீர்கள். அலுவலக முகவரியோ அஞ்சல் பெட்டி எண்ணோ போடுங்கள்.

கடைசியாக ஒன்று. கணக்கு அமைப்பின் பெயரில், அமைப்பின் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். நுழையும் உரிமை இரண்டு பேருக்கு, இரட்டைச் சரிபார்ப்போடு. பொறுப்பாளர் மாறும் கூட்டத்தில், வங்கிப் புத்தகத்தை ஒப்படைப்பது போலவே இதையும் ஒப்படைத்துக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். சண்டை போட்டுப் பிரிந்த தலைவர் கடவுச்சொல்லோடு போய்விட்ட கதைகள் இந்த மண்டபத்திலேயே நான்கைந்து இருக்கும். சிரிக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

இன்று வீட்டுக்குப் போனதும் எந்த நிறுவனத்திலும் சேர வேண்டாம். முதலில் உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யார் சம்மதம் தந்தார்கள், யார் தரவில்லை என்று குறியுங்கள். அது எந்தக் கணினியில், யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த செயற்குழுவில் இரண்டு பேரை நியமியுங்கள். அதற்குப் பிறகு சேவையைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் போதும்.

அந்தத் தாய் என்றாவது திரும்பி வந்தால், அவர் பிள்ளையின் கோப்பு தயாராக இருக்கிறது. அவரைப் போல இன்னொருவரை நாம் இழக்காமல் இருப்போம்.