அரைப்பேர்க் கால்களும் ராட்டினமும்

(பதுளையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராட்டினத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடன், முன்வரிசையில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டதைக் கண்டோம். வீடு கட்ட நிலமில்லை. லயத்துக்கு ஒழுங்கான கூரையில்லை. பறித்த கொழுந்துக்கேற்ற கூலியில்லை. இத்தனை இல்லாமைகளுக்கு நடுவே ராட்டினமா என்று அவர்கள் உள்ளம் கேட்டிருக்கும். நியாயமான கேள்விதான். ஆயினும் நிலமும் கூரையும் கூலியும் கேட்பதற்கு இந்நாட்டில் மேடைகள் உண்டு, சங்கங்கள் உண்டு, தேர்தல்காலத்து வாக்குறுதிகளும் ஏராளம் உண்டு. கால் ஓய்ந்தவர் நாலு பேரோடு சேர்ந்து சிரித்து மகிழ வழி கேட்பதற்குத்தான் மேடை இல்லை. அதனால் இன்று அதைக் கேட்கிறோம்.

நாங்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாளெல்லாம் சக்கர நாற்காலியிலேயே இருப்பவர்கள் அல்லோம். சில நாள் நடப்போம். சில நாள் எழமாட்டோம். காலையில் இருபது படி ஏறுவோம். மாலையில் இரண்டு படி எங்களுக்கு நமுனுகுல மலையாகிவிடும். மூட்டுவாதம் எங்களிற் சிலருக்கு. சிறுவயதில் வந்துபோன போலியோ, பல்லாண்டுகள் கழித்துத் திரும்பவும் தசைகளைத் தளர்த்துவது சிலருக்கு. இதயமோ நுரையீரலோ நலிந்து, நூறடி நடந்தால் மூச்சு வாங்குவது சிலருக்கு. செயற்கைக்கால் பொருத்தியவர்கள் சிலர் அரைநாள் நடந்ததும் உராய்ந்த இடம் புண்ணாகி, மீதிநாள் அதைக் கழற்றி வைக்க வேண்டியவர்கள்.

இதை வைத்தியர்களுக்கு விளக்க நீண்ட சொற்கள் வேண்டும். தோட்டத்து மக்களுக்கு ஒரே சொல் போதும். முழுநாள் வேலை செய்தால் ஒரு பேர். பாதியில் நின்றால் அரைப்பேர். எங்கள் கால்கள் அரைப்பேர்க் கால்கள். வேலையில் அரைப்பேர் உண்டென்று தலைமுறை தலைமுறையாகச் செக்ரோல் எழுதிய தோட்டம், நடையிலும் அரைப்பேர் உண்டென்பதை மட்டும் ஏற்க மறுக்கிறதே, ஏன்?

"நேற்று லயத்துப் படியில் ஏறினாள், இன்று டவுனுக்கு நாற்காலியில் வருகிறாள். இதென்ன வேஷம்?" என்கிறார்கள். இந்தப் பழிச்சொல்லைக் கேட்காதவர் எங்களுள் எவருமில்லை. அன்பர்களே, சற்றுச் சிந்தியுங்கள். ஊவாவின் மலைச்சரிவில், மண்ணை வெட்டிப் போட்ட படிகளின் மேலே லயம். அங்கே நாற்காலிச் சக்கரம் உருளுமா? உருளாது. ஆகவே முடியாத காலையும் இழுத்துக்கொண்டு அங்கே நடக்கிறோம். மடித்து வைத்த நாற்காலி காம்பராவின் மூலையில் கிடக்கிறது. பதுளை மைதானம் சமதரை. அங்கே சக்கரம் உருளும். ஆகவே அங்கே அமர்கிறோம். நடக்கத் தகாத இடத்தில் நடந்தும், நடக்கத் தகுந்த இடத்தில் உட்கார்ந்தும் இருப்பதற்குக் காரணம் நாங்கள் அல்லோம்; நிலத்தின் அமைப்பு. மலையில் செலவாகிவிட்ட கால் மைதானத்துக்கு வந்து சேரும்போது வெறுங்கையோடு வருகிறது.

நீ யாரென்பதைக் காகிதத்தில் காட்டு என்று கேட்கப்படுவதன் வேதனை இந்தச் சமூகத்துக்குப் புதிதன்று. 1948இல் குடியுரிமை பறிபோன நாளிலிருந்து, எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பிறந்த மண்ணில் பிறந்ததற்கே சான்று தேடி அலைந்த மக்கள் நாம். அப்படிப்பட்ட நாமே நம்மவர் ஒருவரைப் பார்த்து, உன் நோவுக்குச் சான்று எங்கே என்று கேட்கலாமா?

இனி ராட்டினத்துக்கு வருவோம்.

பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் மேலேறிக் கீழே பாயும் ரோலர் கோஸ்டர் என்னும் வண்டியைப் படத்தில் கண்டிருப்பீர்கள். அதன் மூதாதைகளுள் ஒன்று விளையாட்டுப் பொருளன்று, தொழிலாளியின் சுமைவண்டி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1827இல், மலையிலிருந்து நிலக்கரியை இறக்க ஒரு சரிவுப்பாதை அமைத்தார்கள். கரி தன் கனத்தாலேயே கீழிறங்கும்; வெறும் வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுக்கும். இழுத்த கழுதைகளையும் வண்டியிலேற்றிக் கீழே அனுப்பினார்கள். அதன் முதற் சவாரிக்காரர்களில் கழுதைகளும் உண்டென்று அறிக! பின்னர் மனிதர் காசு கொடுத்து அதில் ஏறலானார்கள். 1884இல் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் நியூயோர்க்கின் கோனித் தீவில் இவ்விதச் சவாரியொன்றை நிறுவி, ஆளுக்கு 5 சதம் வாங்கினார். வேகம் மணிக்கு 6 மைல்தான், கூட்டமோ அலைமோதியது.

அதற்கு ஈடான ஒன்று நம்மிடமும் உண்டு. பதுளைக்கு 1924இல் வந்து சேர்ந்த இருப்புப்பாதையைத்தான் சொல்கிறோம். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல எழுந்த மலைப்பாதை அது. தெமோதரையில் பாதை ஒரு வளையமாகச் சுழன்று, தான் கடந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக நுழைகிறது. தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிய ஒரு கங்காணியைப் பார்த்தே பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்ததென்று கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, அந்தத் தலைப்பாகை நம்முடையது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்க உலகமே வருகிறது. ஆனால் அப்பாலத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கால் தளர்ந்து கிடக்கும் ஒரு தாய், அந்த ரயிலில் ஒருநாள் ஏறிச் சன்னலோரம் அமர்ந்து வளையத்தைச் சுற்றிவர நினைத்தால், மேடைக்கும் பெட்டிக்கும் இடையே உயர்ந்து நிற்கும் படியல்லவா அவளைத் தடுக்கிறது? 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. இடிந்ததைக் கட்டும் எந்தத் திட்டத்திலும் மேடையின் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்பது எங்கள் வேண்டுகோள். பிறகு தனியாகச் செய்வதாயின் செலவும் இரட்டிப்பு. பிறகு செய்வோம் என்றவர்களும் இந்நாட்டில் செய்ததில்லை.

பெரும் பூங்காக்கள் நமக்குத் தொலைவு. அவிசாவளைச் சாலையின் லெஷர் வேர்ல்டும், பண்டாரகமையின் பேர்ல் பேயும் ஊவாவிலிருந்து பல மணிநேரப் பயணம். கடல் கடந்தால் சென்னையருகே 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. அங்கெல்லாம் போகக்கூடியவர்கள் போகட்டும். நம்மில் பெரும்பாலோர்க்கு ராட்டினம் என்பது திருவிழாவிலும் கார்னிவலிலும் வருவது. இரண்டுக்கும் வழிமுறை ஒன்றே என்பதால், நாங்கள் கற்றதைச் சொல்கிறோம்.

முதலாவது, கால் ஒரு சேமிப்பு. வாரக்கடைசிக்கு அரிசியை அளந்து வைக்கும் இல்லத்தரசியைப் போல, அடிகளை அளந்து வைக்க வேண்டும். வாயிலிலிருந்து ராட்டினம் வரையிலும், வரிசையில் நிற்கும் நேரம் முழுவதும் நாற்காலி சுமக்கட்டும். நாற்காலியிலிருந்து இருக்கைக்குப் போகும் மூன்றே மூன்று அடிக்காகக் காலை வைத்திருங்கள். "நடக்கிறாயே, பின் ஏன் நாற்காலி?" என்று கேட்பவருக்கு, "இந்த மூன்றடி நடப்பதற்காகத்தான் நாற்காலி" என்று பதில் சொல்லுங்கள்.

ஏறுமுன் இறங்குவதை யோசிக்க வேண்டும். தாழ்ந்த இருக்கையில் விழுவது எளிது, எழுவது கடினம். நாற்காலியின் இரு பூட்டுகளையும் போட்டு, கால்வைக்கும் தகட்டை மேலே மடித்த பிறகே எழவேண்டும். தகட்டில் கால் தடுக்கி விழுந்தவர்கள் எங்களுக்குள் பலர். இரு கால்களுள் வலுவான கால் இருக்கையின் பக்கம் இருக்கட்டும். ராட்டினக்காரரிடம் வரிசை தொடங்குமுன்பே பேசி, தொட்டிலைக் கடைசித் தாழ்வுக்குக் கொண்டுவந்து அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். குடைராட்டினமாயின் குதிரைமேல் ஏறிக் காலைத் தொங்கவிட வேண்டாம். அதில் சாய்ந்தமரும் இருக்கை இருந்தால் அதுவே போதும். கால் தொங்கும் சவாரிகளில் செயற்கைக்காலை இறுகக் கட்டுங்கள். இல்லையேல் கழற்றி உறவினர் கையில் கொடுங்கள். பறக்கும் கால் கீழே நிற்பவர் தலையைப் பதம் பார்க்கும்! நாற்காலிக்கும் ஓர் ஆளைக் காவல் வையுங்கள். நீங்கள் ஆகாயத்தில் இருக்கையில் உங்கள் நாற்காலி சிறுவர்களுக்கு வேறொரு ராட்டினமாகிவிடும். இறங்கியதும் தலைசுற்றல் தெளியும்வரை உட்கார்ந்திருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூட்டுவாதம் நெடுநாள் இருந்தவர்க்குக் கழுத்தின் மேலெலும்புகள் தளர்ந்திருக்கக்கூடும். உலுக்கியெறியும் சவாரிகள் அத்தகையோர்க்கு ஆபத்து. இதயநோயாளரும் அப்படியே. வைத்தியரைக் கேட்ட பின்பே ஏறுங்கள். கேட்டால் ராட்டினத்துக்கா மருந்து என்று அவர் சிரிப்பார், சிரிக்கட்டும், பதிலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சவாரி நடத்துவோர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கமாட்டோம். நடுவானில் எந்திரம் நின்றால் ஏணி வழியாக இறக்க வேண்டிவரும். அதனாலேயே சில சவாரிகளில், தானாகச் சில அடி நடக்கக்கூடியவரையே ஏற்றுவோம் என்று விதி வைக்கிறார்கள். காரணத்தோடு சொல்லும் விதிக்குத் தலைவணங்குவோம். ஆனால் நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில், ஒன்றும் கேளாமல், "உங்களுக்கு இது வேண்டாம் அம்மா" என்று கையசைப்பது விதியன்று, சோம்பல். என்னால் எத்தனை அடி நடக்க முடியுமென்று என்னையல்லவா கேட்கவேண்டும்?

வெளிநாடுகளில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் வரிசையில் நிற்க இயலாதவர்க்கு ஒரு சலுகை இருந்தது. செல்வர் சிலர் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கமர்த்தி வரிசையைத் தாண்டுவதாக 2013இல் பத்திரிகைகள் எழுதின. அவ்வாண்டே முறை மாறியது. 2024இல் அதை மேலும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உடையவர்க்கே என்று பெரும்பாலும் ஒதுக்கினார்கள். நடக்க இயலாதவர்கள் நாற்காலியோடு வரிசையில் வரலாம் என்றார்கள். வேஷம் போட்டவன் பணக்காரன். வாசல் குறுகியது நோயாளிக்கு! ஆயினும், அங்கே வரிசைப் பாதைகளிற் பெரும்பாலானவை நாற்காலி போகும் அகலத்தில் அமைந்திருப்பதால்தான் அப்படிச் சொல்லவாவது முடிகிறது என்பதையும் கவனியுங்கள். இலண்டனில் 2000ஆம் ஆண்டு திறந்த இலண்டன் ஐ என்னும் பெருஞ்சக்கரத்தில் நாற்காலியோடேயே கூண்டுக்குள் செல்லலாம். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் கோர்டன் ஹார்ட்மன் என்பவர், தம் மகளோடு பிற பிள்ளைகள் விளையாடத் தயங்கியதைக் கண்டு, 2010இல் மோர்கன்ஸ் வொண்டர்லாண்ட் என்ற பூங்காவையே அமைத்தார். அங்கே ஊஞ்சலும் குடைராட்டினமும் நாற்காலியை ஏற்கும்; மாற்றுத்திறனாளிக்குக் கட்டணமில்லை. சென்னை மெரினாவில் 2022இல் கடலலை வரை நாற்காலி செல்லப் பலகைப்பாதை அமைத்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பழுதுபார்த்தார்கள். பழுதுபார்த்தார்கள் என்பதையே அழுத்திச் சொல்கிறோம்.

நம் நாட்டில் சட்டமில்லையா? உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புக்கென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பொது இடங்களின் அணுகுவசதி பற்றி 2006இல் ஒழுங்குவிதிகள். மரம் முறிந்து காரின்மேல் விழுந்ததால் 1992இல் கால்கள் செயலிழந்த கிரிக்கெட் நடுவர், காலஞ்சென்ற அஜித் பெரேரா, உயர் நீதிமன்றப் படியேறி 2011இல் பெற்ற கட்டளை, புதிய பொதுக்கட்டடங்களில் அவ்வசதிகள் இருந்தே தீரவேண்டும் என்றது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் 30ஆம் உறுப்புரை, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் சுற்றுலாவிலும் பங்குகொள்வதை உரிமையென்றே சொல்கிறது. சலுகை என்று சொல்லவில்லை. இதையெல்லாம் அறிந்தபின் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரடுமுரடான பாதை. அருவியின் ஓசை மட்டும் எங்கள்வரை வரும். எல்லவில் கம்பியில் தொங்கித் தேயிலைச்சரிவின் மேல் பறக்கும் விளையாட்டு உண்டு. பறக்கக் கால் வேண்டாம். ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலும் தாங்கிப்பிடிக்க இருவர் வேண்டும், அவ்வளவே. கார்னிவலின் மரணக் கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கும் மரப்படி ஏறவேண்டும். உயிரைப் பணயம் வைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனைப் பார்ப்பதற்கு நாங்களும் உயிரைப் பணயம் வைக்கவேண்டியிருக்கிறது!

அரசாங்கம் செய்யட்டும் என்று இருந்துவிடாமல், நம் கையிலேயே இருக்கும் ஒன்றைக் கேட்கிறோம். இங்கே கோயில் தர்மகர்த்தாக்கள் அமர்ந்திருக்கிறீர்கள். சங்கத் தலைவர்களும் நகரசபைக்குச் சென்றவர்களும் இருக்கிறீர்கள். திருவிழாவுக்கும் கார்னிவலுக்கும் மைதானத்தைக் குத்தகைக்கு விடுபவர்கள் நீங்கள்தாம். அடுத்தமுறை ராட்டினக்காரரோடு எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: சேற்றின்மேல் நாற்காலி உருள, வாயிலிலிருந்து ராட்டினம்வரை பலகை போடவேண்டும், கூட்டம் பெருகுமுன் மாலையின் முதல் அரைமணி நேரம், நின்று ஏற்றி இறக்கும் நேரமாக இருக்கவேண்டும். பலகைக்கு எவ்வளவு ஆகும் என்று நாளைக் காலையிலேயே தச்சரைக் கேட்கலாம்.