நான்கே பொருள், நல்ல ரொட்டி



மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெதுமெதுப்பு. அதுதான் பிரெஞ்சு ரொட்டி. அதற்கு வேண்டியவை கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என்று நான்கே பொருள்கள். பிரெஞ்சு மரபு ரொட்டி என்ற பெயரில் விற்பதை உறையவைக்கவே கூடாது என்று 1993-ல் அந்நாட்டு அரசு ஆணை போட்டது. பகெத் என்னும் நீளமான பிரெஞ்சு ரொட்டியைச் செய்யும் கைத்திறன் 2022-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

வீட்டிலும் செய்யலாம். அரை கிலோ மைதா, சுமார் 325 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட். பிசைந்து மூடி வையுங்கள். மாவு இரண்டு மடங்கு பொங்கியதும் நீளமாக உருட்டி, மறுபடி பொங்க விடுங்கள். மேலே கத்தியால் கீறி, 230 டிகிரி சூடேறிய அவனில் 25 நிமிடம் சுடுங்கள். அடித்தட்டில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி வையுங்கள். அந்த ஆவி, மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் காக்கும். ரொட்டி நன்றாக உப்பும்.

ஈஸ்டைக் குறைத்து, பிசைந்த மாவை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் ருசி இன்னும் கூடும். ஆகவே, ஈஸ்டைக் கூட்டி அவசரப்படாதீர்கள். நல்ல ரொட்டிக்கு ஐந்தாவது பொருள் பொறுமை.